அமலாவுக்குப் பதில் ஜெர்சி

ஜெர்சி முதன்முதலில் நடித்தது கண்ணை மூடிக்கொண்டுதான். பத்தொன்பது நாள் அப்படி நடித்தாள். மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் இடம் விட்டு முகம் முழுக்கப் பஞ்சும் துணியும் சுற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மூச்சு மட்டும் மெல்ல ஏறி இறங்கலாம். சுற்றி நிற்பவர்கள் அழுவார்கள்.

அந்தக் கட்டில் கிடந்த இடம் அவளுக்குப் பழக்கமான இடம். வல்லம் வடகாலிலிருந்து ஒரகடம் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளடங்கி நிற்கும் அந்தக் கட்டடத்தில் முன்பு செல்போன் செய்தார்கள். ஜன்னலே இல்லாத பெரிய கூடம். கம்பெனியை மூடி மிஷின்களை ஏற்றிப்போன பிறகு ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்தது. அப்புறம் சென்னையிலிருந்து ஒருவர் வாடகைக்கு எடுத்து, உள்ளே பலகையால் தடுத்து, ஒரு கோர்ட்டு, ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு பணக்கார வீட்டு ஹால், ஒரு ஆஸ்பத்திரி என்று கட்டி, டிவி தொடர்களுக்கு விட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வந்த இடத்தில்தான் பழைய நான்காவது அசெம்ப்ளி லைன் ஓடியது.

பத்தொன்பது வயதில் ஜெர்சி அந்த லைனில் வேலைக்குச் சேர்ந்தாள். ரிலீவர் வேலை. யாராவது பாத்ரூம் போக எழுந்தால், தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தால், அவர்கள் இடத்தில் போய் நிற்க வேண்டும். ஸ்க்ரூ போடுகிறவள் எழுந்தால் ஸ்க்ரூ. லேபிள் ஒட்டுகிறவள் எழுந்தால் லேபிள். அவளுக்கென்று ஒரு இடம் கிடையாது. எல்லா இடமும் கொஞ்ச நேரத்துக்கு அவளுடையது. கம்பெனி மூடியபின் ஸ்ரீபெரும்புதூர் ஜவுளிக்கடை ஒன்றில் இருந்தாள். ஷூட்டிங் ஆரம்பித்ததும் ஒரு ஏஜென்ட் ஊருக்குள் வந்து, "வெள்ளப் பொடவ நாங்க கொடுப்போம், நர்ஸு மாதிரி நின்னா போதும்" என்றான். போய் நின்றாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது.

தொடரின் பெயர் 'பூரணியின் முகவரி'. மதியம் ஒன்றரைக்கு வரும். பூரணியாக நடித்தவள் அமலா. நானூற்றுப் பன்னிரண்டு எபிசோட் ஓடியபோது, பூரணி காரில் அடிபட்டு நினைவிழக்கிறாள் என்று கதை போயிற்று. அமலா ஒரு வாரம் கட்டுப்போட்டுக்கொண்டு அந்தக் கட்டிலில் படுத்திருந்தாள். எட்டாவது நாள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

டைரக்டர் வனமாமலை நாங்குநேரிப் பக்கத்துக்காரர். கத்த மாட்டார். வரிசையாக நின்ற ஆறு நர்ஸுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஜெர்சியின் முன்னால் வந்து நின்றார்.

"ஒன் உயரம் என்னம்மா?"

"அஞ்சடி மூணு சார்."

"படுத்தா அசையாமக் கெடப்பியா?"

"கெடப்பேன் சார்."

"பொறவு என்ன, போய்ப் படு. அமலாம்மா வார வரைக்கும் ஒரு நாள் சமாளிச்சுக்கிடுவோம். மூஞ்சிதான் தெரியப்போறதில்லையே."

ஒரு நாள் இரண்டு நாளாயிற்று. பிறகு யாரும் எண்ணவில்லை.

கட்டுக்கு உள்ளே இருட்டு வெள்ளையாக இருந்தது. விளக்குகள் துணி வழியாகப் பால்போல இறங்கின. ஏசியின் முனகலைக் கேட்டுக்கொண்டே கிடந்தால், சில நிமிஷங்களில் அதற்கு அடியிலிருந்து இன்னொரு சத்தம் கிளம்பும். கன்வேயர் ஓடுகிற சத்தம். நூறு பெண்கள் பேசாமல் கை மட்டும் அசைக்கிற சத்தம். எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரியும், நடுவில் தான் மட்டும் தூங்க அனுமதிக்கப்பட்ட மாதிரியும் இருக்கும். "கட்" என்ற குரல் எங்கோ தண்ணீருக்கு மேலே கேட்கும்.

மாமியாராக நடித்த உலகம்மாள் ஷாட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறுவாள். கட் சொன்னதும் கையை விடாமல் சொந்தக் கதைக்கு வந்துவிடுவாள். "முட்டு வலி உயிரு போவுதுட்டி. மவன் துபாய்லருந்து போன் போட்டு இருவது நாளாச்சு. யார்ட்டயும் சொல்லாத, என்ன?" கண்ணை மூடிக் கிடப்பவளிடம் மனிதர்கள் எதையும் சொல்வார்கள் என்று ஜெர்சி அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

பூரணியின் மகள் மின்னுவாக நடித்தது கனிஷ்கா என்ற ஐந்து வயதுக் குழந்தை. அம்மாவின் நெஞ்சில் தலை வைத்து அழ வேண்டும் என்பது காட்சி. இரண்டாம் நாள் குழந்தை தலையை வைத்தது. மூக்கை உறிஞ்சியது. பிறகு கட்டுத் துணிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, மைக்கில் விழாத குரலில் சொன்னது: "நீ அவங்க இல்ல. எனக்குத் தெரியும்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்சி மூச்சை மட்டும் ஒழுங்காக விட்டாள்.

ஜெர்சியின் அம்மா கிளாரா ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவள். ஒன்றரை மணிக்கு அங்கே டிவியில் அந்தத் தொடர்தான் ஓடும். கரண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்து, "அது எம் பொண்ணு" என்றாள். முகமே தெரியாத ஒருத்தியைக் காட்டி இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? சிரித்தார்கள். கிளாரா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த தட்டுக்கு ஊற்றினாள். மூன்றரைக்கு வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, பொணம் மாதிரி படுத்துக்கினு கீறே. பாக்க முடில. அந்தோணியாருக்கு மெழுவத்தி வச்சிட்டு வந்தேன்."

"செத்துலாம் போவலமா. கோமா."

"கோமாவோ கீமாவோ. எய்ந்து உக்கார வைக்கச் சொல்லு அந்த ஆள."

எழுந்து உட்காரும் நாளும் வந்தது. அமலா வரப்போவதில்லை என்று உறுதியானதும், வனமாமலை பழைய கோர்ட்டு செட்டில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தார். விபத்தில் பூரணியின் முகம் சிதைந்துவிட்டது, டாக்டர்கள் புது முகம் கொடுத்தார்கள் என்று எழுதிக்கொண்டார். புது முகத்துக்குச் சென்னையில் ஆள் தேட நேரமில்லை. கட்டிலில் படுத்திருந்தவளின் கட்டை அவிழ்க்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பத்தொம்பது நாளா ஒன் மூச்சத்தாம்மா ஜனங்க பாத்துக்கிட்டிருக்கு. அந்த மூச்சு எனக்கு வேணும். பேரு என்ன சொன்ன?"

"ஜெர்சி சார்."

"மாட்டுப் பேரால்ல இருக்கு."

"மாட்டுக்குத்தான் சார் எம் பேர வச்சிக்கிறாங்க."

வனமாமலை சிரித்துவிட்டார். பேரை மாற்றவில்லை.

கட்டு அவிழ்க்கும் காட்சி. டாக்டர் துணியைச் சுற்றிச் சுற்றி எடுக்கிறார். முதல் வெளிச்சம் கண்ணில் குத்த, பூரணி திணறிப் பார்த்து, "மின்னு" என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். மின்னு "அம்மா!" என்று ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டும். ஜெர்சி சொன்னாள். கனிஷ்கா ஓடிவரவில்லை. கதவருகே நின்று, கையிலிருந்த பொம்மையை இறுக்கிக்கொண்டு, "இது யாரு?" என்றாள்.

வனமாமலை கட் சொல்லவில்லை. ஜெர்சியின் கண்ணில் கிளிசரின் இல்லாமலே தண்ணீர் நிறைந்தது. அந்த ஷாட் அப்படியே ஒளிபரப்பானது. கீழே ஒரு வரி ஓடியது: அமலாவுக்குப் பதில் இனி ஜெர்சி.

அடுத்த ஆறு வாரம் கதையே அதுதான்: குழந்தை அம்மாவை ஏற்க மறுக்கிறது. எழுதியதை நடித்தார்களா, நடப்பதை எழுதினார்களா என்று யாருக்கும் தெரியாது. கனிஷ்கா ஷாட்டிலும் முகத்தைத் திருப்பினாள், ஷாட் முடிந்தும் திருப்பினாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், முன்பு தொழிலாளர்கள் சைக்கிள் நிறுத்திய கொட்டகையில் ஜெர்சி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கனிஷ்கா தயிர்சாத டப்பாவோடு வந்து எதிரே நின்றாள்.

"பூரணிம்மா எங்க?"

"தெரியலடா கண்ணு. நான் அவங்க எடத்துல சும்மா நிக்கிறேன். அவங்க வர வரைக்கும்."

"வந்தா நீ போயிடுவியா?"

"போயிடுவேன்."

"ப்ராமிஸ்?"

ஜெர்சி எச்சில் கையை விட்டுவிட்டு இடது கையை நீட்டினாள். கனிஷ்கா அதில் அடித்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, "அம்மா, ஊறுகா இருக்கா?" என்றாள்.

அதற்கப்புறம் நான்கு வருஷம் ஜெர்சி பூரணியாக இருந்தாள். 'வூடு' என்று வாயில் வருவதை 'வீடு' என்று சொல்லப் பழகினாள். ஷாட் ஓடும்போது காதுக்குள் வைத்த சின்ன ஸ்பீக்கர் வழியாக வசனத்தை எடுத்துக்கொடுக்கும் உதவி டைரக்டரின் குரலை, தன் மனதுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்கப் பழகினாள். அமலா நடித்த நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடையும் போனில் பார்த்தாள். பார்த்ததையே மறுபடி பார்த்தாள். பூரணி பிறந்த வீட்டு வாசலில் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பாள், கோபம் வந்தால் வளையலை எந்தப் பக்கம் சுற்றுவாள், எல்லாம் அமலா முடிவு செய்துவைத்தவை. ஜெர்சி அவற்றில் ஒன்றையும் மாற்றவில்லை.

நடிகர்களை அழைத்துவரும் வேனை ஓட்டியது ஃபிரடி. மறைமலை நகர்ப் பையன். முதல்நாள் ஜெர்சி ஏறி, இடதுபக்கம் மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்தபோது கண்ணாடியில் பார்த்து, "அது அமலாக்கா சீட்டு" என்றான். அவள் எழுந்துவிட்டாள். "ஐயோ, உக்காருங்க. சும்மா சொன்னேன்" என்று பதறினான். மூன்றாம் வருஷம் அவனைத்தான் கட்டிக்கொண்டாள். ஊர் அந்தோணியார் கோயிலில் கல்யாணப் பூசை. அதே வாரம் தொடரில் பூரணிக்குப் பத்தாவது திருமண நாள். இரண்டு மாலையும் ஒரே பூக்காரரிடம் சொன்னார்கள்.

சாலையில் கம்பெனி பஸ்கள் அவளைக் கடந்தால், ஷிஃப்ட் முடிந்து தூங்கிவழிந்துகொண்டிருக்கும் பெண்கள் விழித்து, ஜன்னலில் கை நீட்டி, "பூரணிக்கா!" என்பார்கள். சுங்குவார்சத்திரத்துச் சந்தையில் ஒரு பெண்மணி அவள் தோளைப் பிடித்து, "அந்த ஆள இன்னும் ஏம்மா நம்பிக்கினு கீறே? ஒங்க அம்மா வூட்டுக்குப் போயிடு" என்று நிஜமாகவே அழுதாள். ஜெர்சி, "சரிக்கா, போயிடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளுக்கே சில சமயம் எது எது என்று பிரியவில்லை. படப்பையைத் தாண்டி ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வேன் கண்ணாடியெல்லாம் கரைந்து வழிந்தது. சாலையோரத்து நீல விளக்குப் பலகைகளும், தகரக் கூரைகளும், கிரேன்களும் தண்ணீருக்குள் மெல்ல மிதந்தன. ஜெர்சி கையை வெளியே நீட்டினாள்.

"கல்யாணமான புதுசுல மொட்ட மாடில நனைஞ்சேனே, அதே மாதிரி குளிருது."

ஃபிரடி வேகத்தைக் குறைத்தான். "எப்போ?"

"மொதல் வருசம். மல்லிப் பூவெல்லாம் கரைஞ்சு..." நிறுத்திக்கொண்டாள்.

"அது அமலாக்கா, ஜெர்சி" என்றான் அவன் மெதுவாக. "முப்பதாவது எபிசோட். நான்தான் தண்ணி டேங்கர் புடிச்சிக்கினு வந்தேன்."

ஜெர்சி கையை உள்ளே இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். குளிர் உண்மையாகத்தான் இருந்தது.

நான்காம் வருஷம் ஆடி மாதத்தில் அவளுக்கு ஒரு போன் வந்தது. தெரியாத எண். குரல் மட்டும் தெரிந்த குரல். அவள் ஆயிரம் முறை கேட்டது.

"ஜெர்சியா? நான் அமலா பேசறேன். சேனல்காரங்க என்னைக் கூப்பிட்டிருக்காங்க. கடைசி ஆறு மாசம் பழைய முகம் வந்தா ஜனங்க திரும்பிப் பார்ப்பாங்கன்னு நெனைக்கிறாங்க. உன்னைக் கேக்காம பதில் சொல்லக் கூடாதுன்னு இருக்கேன். வீட்டுக்கு வரியா?"

அமலாவின் வீடு குன்றத்தூரில், மலைக்கு அடியில். இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் மலைக் கோயில் படிக்கட்டில் ஏறும் ஜனங்கள் சிறுசிறு நிறங்களாகத் தெரிவார்கள். கதவைத் திறந்தவள் பூரணியைவிடக் கொஞ்சம் பருத்திருந்தாள், முன்தலையில் நரை. ஆனால் வளையலை உள்பக்கமாகச் சுற்றிக்கொண்டேதான் "உள்ள வா" என்றாள். ஜெர்சிக்குத் தன் கையைப் பார்ப்பது போல இருந்தது.

காபி கொடுத்துவிட்டு அமலா தானாகவே சொன்னாள்.

"எல்லாரும் என்னென்னவோ சொல்லியிருப்பாங்க. ஒண்ணுமில்ல, நான் தூங்கிட்டேன். அவ்வளவுதான். அஞ்சு வருஷமா சீரியல் சீரியலா ஓடிட்டு இருந்தவளை ஒரு கட்டில்ல போட்டு, கண்ணை மூடு, அசையாதன்னாங்க. சுத்தி எல்லாரும் எனக்காக அழறாங்க. நான் ஒண்ணும் செய்ய வேணாம். அந்த ஒரு வாரம் மாதிரி சுகமா நான் இருந்ததே இல்ல. எட்டாம் நாள் காலைல இந்த வீட்டுல முழிச்சேன், எழுந்திரிக்க முடியல. மனசு வரல. டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். சரியாகறதுக்கு ரெண்டு வருஷமாச்சு."

"எனக்கும் அந்தக் கட்டில்ல அப்டித்தான்க்கா இருந்திச்சு" என்றாள் ஜெர்சி. "ஆனா எனக்கு எய்ந்துக்கணும்னு இருந்திச்சு."

அமலா சிரித்தாள். "அதான் வித்தியாசம். சரி, சொல்லு. உனக்கு இஷ்டமில்லன்னா நான் வரலன்னு சொல்லிடறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்."

"எனக்குப் போவ மனசில்லக்கா." பொய் சொல்ல ஜெர்சிக்கு வரவில்லை.

"சரி. அப்போ விட்டுடலாம்." உடனே சொல்லிவிட்டாள் அமலா. டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவள், மறுபடி உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு. நான் போனதுக்கப்புறம் நான் தொடரைப் பார்க்கவே இல்ல. பூரணிக்கு என்னாச்சுன்னு சொல்லேன்."

ஜெர்சி சொல்ல ஆரம்பித்தாள். கட்டு அவிழ்த்ததிலிருந்து. மின்னு ஏற்றுக்கொண்டது, புருஷன் இன்னொரு வீடு வைத்திருப்பது தெரிந்தது, நாத்தனார் திரும்பி வந்தது. சாதம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். படிக்கட்டில் வெயில் ஏறி இறங்கியது. அமலா குறுக்கே குறுக்கே கேட்டாள். "அப்போ நான் என்ன சொன்னேன்?" "கதவைச் சாத்தினேனா?" 'பூரணி' என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஜெர்சியும் கொஞ்ச நேரத்தில், "நீங்க ஒண்ணும் சொல்லலக்கா, சும்மா பாத்தீங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மாமனார் இறந்துபோன எபிசோடுக்கு வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்த இடம். ஜெர்சி அந்தக் காட்சியில் நன்றாக நடித்தாள் என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்று சொட்டுக் கிளிசரின் போட்டுக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அமலாவின் முகம் முழுக்க நனைந்திருந்தது.

"அவர் போயிட்டாரா?" என்றாள். "எனக்குத் தெரியாதே. நான் இங்க படுத்துக் கிடந்தேனே."

ஜெர்சி வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூரணி அங்கே இருந்தாள். நான்கு வருஷம் நடந்ததெல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்த ஒருத்தி, வளையலைச் சுற்றிக்கொண்டு அழுதாள். தான் அவளுடைய நடையையும் கையையும் வைத்துக்கொண்டு இதுவரை வந்ததை ஜெர்சி நினைத்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் தயங்கவில்லை.

"நீங்க வந்துடுங்கக்கா."

"இப்பதானே மனசில்லன்ன?"

"இப்பவும் இல்ல. வந்துடுங்க."

இதை வனமாமலையிடம் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். கடைசியில், "நான் எப்படிச் சொல்லப் போறேனோன்னு ரெண்டு நாளா உறங்கல தாயி" என்றார். கனிஷ்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு இப்போது ஒன்பது வயது. தலை வாரிக்கொண்டிருந்த சீப்பை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன் போறீங்க?"

"அவங்க வந்தா போயிடுவேன்னு சொன்னேன்ல, ப்ராமிஸ் பண்ணேன்ல."

"அப்ப நான் சின்னப் பொண்ணு. சின்னப் பொண்ணுங்க கேக்கற ப்ராமிஸெல்லாம் செல்லாது."

ஜெர்சி அவள் பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டாள்.

மாற்றத்துக்கு வனமாமலை விபத்து, ஆபரேஷன் ஒன்றும் எழுதவில்லை. ஹால் செட்டில் பூஜை அறைக் கதவு. பூரணி விளக்கேற்ற உள்ளே போகிறாள், கதவு சாத்திக்கொள்கிறது, வெளியே மின்னு "அம்மா" என்று கூப்பிடுகிறாள், கதவு திறந்து பூரணி வருகிறாள். அவ்வளவுதான். போவது ஜெர்சி, வருவது அமலா.

கதவுக்கு அந்தப் பக்கம் பூஜை அறை கிடையாது. பலகைகளின் முதுகும், சுருட்டிப்போட்ட வயர்களும், இருட்டும்தான். அமலா முன்பே அங்கே வந்து நின்றிருந்தாள். இருவருக்கும் ஒரே அரக்குப் புடவை. ஜெர்சி நடந்து வந்தாள், கதவைச் சாத்தினாள். கழுத்தில் இரண்டு தாலி கிடந்தது. பூரணியுடையது ஒன்று, ஃபிரடி கட்டியது ஒன்று. அந்த இருட்டில் தடவிப் பார்த்து, சரியானதைக் கழற்றி அமலாவின் கழுத்தில் போட்டாள். அமலாவின் கை ஜில்லென்று இருந்தது. ஜெர்சி அதைத் தேய்த்துவிட்டாள். வெளியே விளக்குகளின் வெளிச்சம் கதவுச் சட்டத்தைச் சுற்றி மெல்லிய கோடாக ஒளிர்ந்தது. அங்கிருந்து பார்க்க, கதவுக்கு அப்பால் ஒரு நிஜமான வீடு இருப்பது போலவும், அதில் காலை விடிந்திருப்பது போலவும் தோன்றியது.

"அம்மா!" என்றாள் கனிஷ்கா வெளியிலிருந்து.

"ம்ம்... வரேன்" என்றாள் ஜெர்சி.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அமலா கதவில் வைத்த கையை எடுத்துவிட்டாள். அந்தத் தொடருக்கு நடிக்கும்போதே குரலும் பதிவாகும், அதனால் டேக் வீணாயிற்று. சவுண்டுக்காரர் ஏதோ முணுமுணுத்தார். வனமாமலையின் குரல் வந்தது: "பரவாயில்ல, பரவாயில்ல. ஒன்ஸ்மோர்."

மறுபடி நடந்து வந்து, மறுபடி கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா!"

அமலா கதவைத் திறந்துகொண்டு வெளிச்சத்துக்குள் போனாள். பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ஜெர்சி அந்த வயர்ச் சுருளின் மேல் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கனிஷ்கா ஒரு சொல்கூடத் தப்பவில்லை. நல்ல நடிகை அவள். கட் சொன்னதும் பலகைகளைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, ஜெர்சியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மேக்கப் எல்லாம் புடவையில் ஒட்ட ஒட்ட அழுதாள். "ஆன்ட்டி" என்றாள். அன்றுதான் முதல் தடவை அப்படிக் கூப்பிட்டாள்.

அதற்கப்புறம் ஆறு மாதம் வேலையில்லை. இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், யாரோ விட்டுப்போன பாத்திரங்களுக்கு. ஒன்றில் பதினோரு நாள் அண்ணியாக இருந்தாள். அந்த நடிகை காய்ச்சல் சரியாகித் திரும்பி வந்துவிட்டாள். மதியம் ஒன்றரைக்கு டிவி போட்டு அமலாவைப் பார்ப்பாள். நன்றாக இருக்கும். பார்த்துவிட்டுப் படுத்தால், கம்பெனிக் கூடத்தின் முனகல் காதில் வரும். அதில் மிதந்துகொண்டே தூங்கிப்போவாள். கிளாரா கேன்டீனிலிருந்து வந்து, "இந்த வெயில்ல இன்னா தூக்கம், எய்ந்து மூஞ்சி கழுவு" என்று விரட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அமலா போன் செய்வாள். ஒரு தரம் கனிஷ்காவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூவரும் ஃபிரடியின் வேனில் மலைக் கோயில் அடிவாரம்வரை போய்க் கரும்புச்சாறு குடித்தார்கள்.

மாசி மாதத்தில் வனமாமலை கூப்பிட்டார்.

"புதுசு ஒண்ணு ஆரம்பிக்கேன். நீதான் மெயின்."

"யாரு சார் விட்டுட்டுப் போனது?"

"ஒருத்தியும் விடல. இன்னும் ஒரு எபிசோடுகூட எடுக்கலம்மா. முதல்ல நடிக்கப் போறதே நீதான்."

ஜெர்சிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. ஃபிரடியிடம் சொன்னபோது, "போய்ப் பார்க்கறதுக்கு எபிசோடே இல்லியே, இன்னா பண்ணுவேன்?" என்றாள்.

முதல் நாள் ஒரகடம் ஏரிக்கரையில் காலை ஆறு மணிக்குப் படப்பிடிப்பு. பனி இன்னும் தண்ணீரின் மேல் கிடந்தது. அக்கரையில் கம்பெனிகளின் வெள்ளைச் சுவர்கள் பாதியில் அறுபட்டு, அடிப்பாகம் இல்லாமல் அந்தரத்தில் நின்றன. கதாநாயகியின் பெயர் முப்பிடாதி. தெற்கேயிருந்து வந்து இங்கே கம்பெனியில் வேலை பார்க்கிறவள். முதல் ஷாட், கரைமேல் நடந்து வர வேண்டும். வசனம் இல்லை.

ஜெர்சி தூரத்தில் போய் நின்றாள். "ஆக்‌ஷன்" என்றதும் நடந்தாள். நான்கு எட்டு வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது பூரணியின் நடை. நின்றுவிட்டாள். மறுபடி போனாள். மறுபடி நடந்தாள். இது தன் அம்மா கிளாராவின் நடை. மூன்றாவது தரம் ஆடுகள் குறுக்கே வந்தன.

"இவ எப்டி சார் நடப்பா?" என்று கேட்டாள்.

"எனக்கெப்படிம்மா தெரியும்? நான் எழுதத்தான செஞ்சேன்."

ஜெர்சி கரையில் நின்று கீழே பார்த்தாள். காஸ்ட்யூம்காரர் கொடுத்த ரப்பர் செருப்பு பனியில் நனைந்து வழுக்கியது. சாலையில் காலை ஷிஃப்ட் பஸ் ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு போனது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, யூனிட் நிற்கிற இடத்துக்கு நேராக நடந்து வந்தாள்.

"சார், இவ செருப்பு போட மாட்டா. ஷூ போட்டுக்கினு வருவா. கம்பெனில கொடுப்பாங்களே, முன்னாடி இரும்பு வச்சது. அதுவும் ஒரு சைஸ் பெருசு."

"ஏன் பெருசு?"

"சரியான சைஸ் கேட்டா நாளைக்கி வான்னுவாங்க. அந்த நாளைக்கி வரவே வராது. இவ ஒரு தடவ கேட்டுட்டு விட்டுட்டா."

வனமாமலை தாளைப் புரட்டிப் பேனாவைத் தேடினார். ஷூ வாங்கிவர ஃபிரடி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வர முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் வெளிச்சம் மாறிவிடும் என்று கேமராமேன் சொன்னார். மாறினால் மாறட்டும் என்றார் வனமாமலை. ஜெர்சி வெறுங்காலோடு கரைச் சரிவில் உட்கார்ந்து, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். முப்பிடாதி இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொள்வாளா, மேலே ஊற்றிக்கொள்வாளா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தாள்.